வெட்டுப்பூ அலங்காரத்தில் வாசனை இலைகள்: எதை, எங்கே, எப்படி வைப்பது

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: ஆவணியில் தங்கையின் திருமணம், மண்டப வாயிலுக்கும் விருந்து மேசைகளுக்கும் கடையில் வாங்கும் ரோசாவும் அந்தூரியமும் வைக்க எண்ணியிருக்கிறீர்கள், பார்வைக்கு அவை அழகாக இருந்தாலும் அவற்றில் வாசமே இல்லை, ஆகவே வளவில் கிடைக்கும் வாசனை இலைகளைப் பூக்களோடு சேர்க்கலாமா, சேர்த்தால் எவை வாடாமல் நிற்கும், சாப்பாட்டின் மணத்தோடு அவை முரண்படாதா? தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பச்சை நிறத்துக்காகச் சொருகும் இலையைப் போல வாசனை இலையையும் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் சொருகிவிட்டால் ஒருவருக்கும் மணக்காது. வாசனை இலையை வைக்க வேண்டியது கை படும் இடத்தில். மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்தே முடிவு செய்யலாம் என்பதால், காரணத்தை முதலில் சொல்கிறேன்.

பூ தன் வாசத்தைத் தானாகவே காற்றில் விடுகிறது. தேனீயையும் அந்துப்பூச்சியையும் அழைப்பதற்கு அதற்கு அந்த வாசம் வேண்டும். இலைக்கு அந்தத் தேவை இல்லை. இலையில் இருக்கும் மணமுள்ள எண்ணெய் பெரும்பாலும் தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளுக்கு எதிரான காவல். எனவே அது நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டுக் கிடந்து, உரசும்போதோ கிழியும்போதோ சூடேறும்போதோதான் வெளிவருகிறது. கடை ரோசாக்கள் நெடுந்தூரம் பயணம் செய்யவும் பல நாள் வாடாமல் நிற்கவும் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அந்தத் தெரிவில் அவற்றுள் பலவற்றின் வாசம் போய்விட்டது. அந்தூரியத்தில் பொதுவாக நாம் உணரக்கூடிய வாசம் எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே இந்தப் பூக்களோடு இலையைச் சேர்ப்பது பொருத்தமான யோசனை; போட்டிக்கு வரும் வாசம் அங்கே எதுவும் இல்லை.

எந்த இலை எப்படி மணம் விடும் என்பதை நீங்களே பார்த்து அறியலாம். தேசிக்காய் இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல நுண்ணிய வெளிச்சப் புள்ளிகள் இலை முழுவதும் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். அவை இலையின் சதைக்குள்ளே புதைந்திருப்பதால், மேலாகத் தடவினால் போதாது. கசக்கவோ கிழிக்கவோ வேண்டும். வில்வமும் கறிவேப்பிலையும் நாரத்தையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை, அதே இயல்புள்ளவை. துளசியும் கற்பூரவள்ளியும் வேறு குடும்பம். அவற்றின் சுரப்பிகள் இலையின் மேற்பரப்பில், மயிர்களின் நுனியில் இருக்கின்றன. சேலைத் தலைப்பு பட்டாலே மணக்கும். ரம்பை இவ்விரண்டு வகையிலும் சேராது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் தேவைக்கு நான் முதலில் சொல்லும் செடி திருநீற்றுப்பச்சிலை. சர்பத்திலும் பலூடாவிலும், நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் குளிர்பானங்களிலும் ஊறவைத்துப் போடும் கசகசா விதை இருக்கிறதே, அந்த விதையைத் தரும் செடிதான் இது. துளசியைவிட இதன் மணம் மென்மையானது, சற்று இனிப்பானது. ரோசாவோடு நன்றாக இணங்கும். பலரும் இதை ஒருமுறை வைத்துப் பார்த்து, ஒரு மணித்தியாலத்தில் தலை தொங்கிவிட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இளந்தண்டை வெட்டியதுதான். சமையலுக்கு இளங்கொழுந்து நல்லது, பூச்சாடிக்கு ஆகாது. தண்டின் அடி பழுப்பேறி, விரலால் வளைத்தால் மடங்காமல் விறைத்து நிற்கும் நிலையில், நுனியில் பூங்கதிர் விடத் தொடங்கிய கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும். அந்தக் கதிரும் அழகு. இலையைவிடக் கதிரில் மணம் கூடுதலாகவே இருக்கும். இப்படி முற்றிய கிளையை முறைப்படி நீர் ஏற்றி வைத்தால் நம் வெப்பத்திலும் நாலைந்து நாள் நிற்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வாடாமல் இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். இது வெப்பநாட்டுச் செடி. ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இலை கறுத்துவிடும். ரோசாவைப் பெட்டியில் வையுங்கள், இதை வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

துளசியும் அப்படியே நிற்கக்கூடியது, மணமும் காரமானது. ஆனாலும் விருந்து மேசைக்கு அதை நான் எடுக்கமாட்டேன். மாடத்தில் வைத்து விளக்கேற்றும் செடியின் கிளை, எச்சில் இலைக்குப் பக்கத்தில் கிடந்து, மறுநாள் குப்பையோடு போவது வீட்டுப் பெரியவர்களின் மனதை வருத்தும். வில்வமும் அப்படித்தான், சிவனுக்குச் சாத்தும் இலையை மணவறைக் கும்பத்தருகே அல்லது பூசைத் தட்டில் வைக்கலாம், சாப்பாட்டு மேசையில் வேண்டாம். வில்வக் கிளையில் நீண்ட முள் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ரம்பை. மட்டக்களப்பு வளவுகளில் கிணற்றடியில் ஒரு புதர் ரம்பை இல்லாத வீடு குறைவு. அது பூப்பது மிக அரிது; பக்கக் கன்றைப் பிரித்து நட்டே பரம்பரையாக வந்திருக்கிறது, எனவே அயல்வீட்டில் கேட்டால் கன்றே கிடைக்கும். அதன் மணத்துக்குக் காரணமான சேர்மமே பாஸ்மதி போன்ற வாசனை அரிசிகளிலும் இருக்கிறது. சோற்றில் ரம்பை இட்டால் அவ்வளவு இயல்பாகக் கலப்பதற்கு அதுவே காரணம். ஆனால் செடியில் நிற்கும் இலையை முகர்ந்து பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. வெட்டி, சற்றே வாடவிட்டு, அல்லது நசுக்கி, அல்லது சூடு காட்டினால்தான் மணம் எழும். ஆகையால் முழு இலையை வாள்போல நிமிர்த்திச் சாடியில் வைத்தால் அது உருவத்துக்குத்தான் உதவும். மணம் வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இலையை நீளவாக்கில் மடித்து, சுருட்டி, ரோசா மொட்டுப்போல உருட்டி, நூலால் கட்டுவது. மடிப்புகளில் இலை நசுங்குவதால் மணம் மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். ஆறு ஏழு மொட்டுகளைச் சிவப்பு அந்தூரியத்தின் அடியில் வைத்தால், பளபளப்பான அந்தப் பூவுக்கு அது மிகப் பொருத்தமான துணை. மற்றது மலாய்த் திருமணங்களில் வழங்கும் முறை: ரம்பை இலையை மயிரிழைபோல அரிந்து, மல்லிகையோடும் ரோசா இதழ்களோடும் கலந்து தட்டுகளில் வைப்பார்கள். வெட்டிய ஒவ்வோர் ஓரமும் மணம் விடுவதால் இதைவிடச் சிறந்த வழி ரம்பைக்கு இல்லை என்பது என் கருத்து. திருமணத்தன்று காலையில் அரிந்து, ஈரத்துணியால் மூடி வைத்து, விருந்தினர் வரும் நேரத்தில் கலந்தால் போதும்.

தேசிக்காய் இலை தடித்தது, பளபளப்பானது, ஒரு கிழமை வரை தாங்கும். எல்லா இலையையும் கிழிக்கத் தேவையில்லை. அலங்காரம் முடிந்தபின் ஒரு சாடிக்கு நாலைந்து இலைகளின் நுனியை விரலால் கிள்ளிவிடுங்கள். அடுத்த நாளும் மணம் வேண்டுமென்றால் வேறு நாலைந்து இலைகளைக் கிள்ளுங்கள். ஆனால் வெட்டிய கிளையை நேரே மண்டபத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. தேசி மரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, இலையின் மேல் பறவை எச்சம்போலக் கருமையும் வெண்மையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் அதைத் துடைக்கப் போகுமுன் உற்றுப் பாருங்கள். அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. அந்த உருவமே அதற்குப் பாதுகாப்பு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிறிய கொம்புபோன்ற ஒன்றை நீட்டி நாற்றம் விடும். மேசை விரிப்பில் அது ஊர்ந்து வருவதை எந்த விருந்தினரும் விரும்பமாட்டார். கிளைகளை ஒரு வாளி தண்ணீரில் கால் மணித்தியாலம் அமிழ்த்தி வைத்து உதறினால் எறும்பும் புழுவும் பெரும்பாலும் போய்விடும். பிறகு ஒவ்வொரு கிளையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, முள்ளையும் நறுக்கிவிடுங்கள்.

கறிவேப்பிலையை விட்டுவிடலாம். வெட்டிய இரண்டு மூன்று நாட்களில் இலைகள் ஒவ்வொன்றாக உதிரும். மணமும் எவருக்கும் குழம்பைத்தான் நினைவூட்டும். வேப்பிலையும் விரைவில் துவளும். எலுமிச்சம்புல் நல்ல மணமுள்ளதே, ஆயினும் தாள் வெப்பத்தில் சுருண்டு ஊசியாகிவிடும், ஓரம் விரலை அறுக்கும். வேண்டுமானால் அடித்தண்டுகளைத் துண்டுகளாக வெட்டி, தட்டிவிட்டு, கண்ணாடிச் சாடியின் உள்ளே நிரப்பலாம். கறுவா இலை கிடைத்தால் விடாதீர்கள். அது ஈரவலயத்து மரம் என்றாலும் இங்கும் சில வளவுகளில் நிற்கிறது. மூன்று நரம்பு ஓடும் அந்த இலை தோல்போல உறுதியானது, கசக்கினால் கராம்பு மணம் தரும், ஒரு கிழமைக்கு மேல் நிற்கும். சிவந்த தளிர் மட்டும் நிற்காது, அதை நீக்கிவிடுங்கள்.

கற்பூரவள்ளியைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சதைப்பற்றுள்ள அந்தத் தண்டு தண்ணீரிலேயே வேர்விட்டு வாரக்கணக்கில் நிற்கும். வெள்ளைக் கரை போட்ட இலையுள்ள வகை வெகு அழகு. ஆனால் மணம் கடுமையானது, மருந்தை நினைவூட்டுவது; இருமலுக்குக் குடித்த கசாயம் எல்லோருக்கும் நினைவு வரும். வீட்டு விறாந்தையில் வைக்கலாம், விருந்து மண்டபத்தில் வேண்டாம் என்பேன்.

மருதோன்றி இலைக்கு அவ்வளவு மணம் இல்லை. ஆனால் வெண்மஞ்சள் கொத்தாகப் பூக்கும் அதன் பூவுக்கு அபாரமான வாசம் உண்டு. யாருடைய வேலியிலாவது அது பூத்திருந்தால், இலையோடு கூடிய பூங்கொத்தாகவே வெட்டி ரோசாக்களுக்கிடையில் நிரப்பலாம்.

இனி நீர் ஏற்றும் முறை. இதில் செலுத்தும் கவனம்தான் அலங்காரம் மாலைவரை நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும். ஆவணியில் நம் பக்கம் கச்சான் காற்று இன்னும் ஓயாது. உலர்ந்து சூடாக வீசும் அந்தக் காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சும் வேகத்துக்குத் தண்டு நீரை ஏற்றிக் கொடுக்க முடியாது. ஆகையால் விடியற்காலையில், இலை இரவு முழுவதும் குடித்த நீரோடு விறைத்து நிற்கும் நேரத்திலேயே வெட்ட வேண்டும். வாளியைச் செடியடிக்கே கொண்டுபோங்கள். வெட்டிய கையோடு தண்ணீரில் விடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலை ஒவ்வொன்றையும் உருவிவிடுங்கள், ஏனெனில் நீருக்குள் அழுகும் இலையில் பெருகும் நுண்ணுயிர்கள் தண்டின் குழாய்களை அடைத்துவிடும். பிறகு கூரிய கத்தியால் அடியைச் சரிவாக மீண்டும் ஒருமுறை வெட்டி, கழுத்தளவு தண்ணீரில், காற்றுப் படாத நிழல் அறையில், குறைந்தது நாலைந்து மணித்தியாலம், முடிந்தால் ஓரிரவு முழுவதும் வைக்க வேண்டும். தேசி, கறுவா போன்ற கட்டைத் தண்டுகளின் அடியைச் சுத்தியலால் நசுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நீர் ஏறும் குழாய்களையே சிதைப்பதால் அதைவிடக் கூரிய வெட்டே நல்லது.

தண்ணீரும் முக்கியம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கல்லடியில் வரட்சிக் காலத்தில் பல கிணறுகள் உவர்க்கும். வாய்க்கு இலேசாக உப்புத் தெரியும் தண்ணீரிலேயே வெட்டுப்பூவின் ஆயுள் குறையும், இலையின் ஓரம் கருகும். குழாய் நீரையோ பிடித்து வைத்த மழை நீரையோ பயன்படுத்துங்கள், தினமும் மாற்றுங்கள். பூவுக்குச் சீனி போடுவது சரி. இலை மட்டும் உள்ள சாடிக்குத் தேவையில்லை.

பச்சை நிற நுரைக்கட்டி, கடைக்காரர் ஒயாசிஸ் என்று தருவது, 1954இல் அமெரிக்காவில் வந்தது. இன்று மண்டப அலங்காரம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ரோசாவும் அந்தூரியமும் அதில் நிற்கும், ஆனால் திருநீற்றுப்பச்சிலை போன்ற தண்டு மெலிந்த, நிறைய நீர் கேட்கும் கிளைகள் அதில் சரியாகக் குடிக்காமல் துவளும். தவிரவும் அது மக்காத பிளாஸ்டிக். உதிரும் தூள் கடைசியில் வாவியைத்தான் சேரும். அகன்ற வாய்ச் சாடிக்குள் கோழிக்கூட்டு வலையைப் பந்தாகச் சுருட்டி வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, அதன் கண்களுக்குள் தண்டுகளைச் செலுத்துங்கள். ஒரு நாள் தேவைக்கு வாழைக்குற்றியும் நன்று. ஈரம் நிறைந்த அதன் மடல்களில் தண்டைக் குத்தினால் உறுதியாகப் பிடிக்கும். அடியில் தட்டோ வாழையிலையோ வைக்காவிட்டால் வாழைக்கறை மேசை விரிப்பில் பிடித்துவிடும், அந்தக் கறை போகாது.

எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். மண்டப வாயிலில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச்செம்பு வைக்கும் மேசைதான் முதலிடம். அங்கே எல்லோரும் ஒரு கணம் நிற்கிறார்கள், கை நீட்டுகிறார்கள். அந்தக் கையும் சேலைத் தலைப்பும் உரசும் உயரத்தில், மேசையின் முன் ஓரத்தில், திருநீற்றுப்பச்சிலைக் கிளைகளைத் தாழ்வாக வெளியே சாய்ந்திருக்கும்படி வையுங்கள். பக்கத்தில் அகன்ற பித்தளைச் சட்டி ஒன்றில் கிழித்த தேசி இலையையும் அரிந்த ரம்பையையும் போட்டு, கொதிநீரை ஊற்றிவிடுங்கள். ஆவியோடு மணம் வாயிலெங்கும் பரவும். நீர் ஆறியபின் ரோசா இதழ்களை மேலே தூவுங்கள். முன்பே தூவினால் இதழ் வெந்துவிடும். விருந்து மேசையில் சாடி நடுவில் இருப்பதால் யாரும் தொடமாட்டார்கள். அங்கே வாசனைக் கிளையைச் சாடியில் வைப்பதைவிட, ஒவ்வொருவரின் கைதுடைக்கும் கடதாசியின்மேல் ஒரு சிறு கொழுந்தை வைப்பது பயன் தரும். எடுக்கும்போது மணக்கும், எடுத்து வைத்துவிட்டால் மணம் அடங்கும், எனவே சாப்பாட்டோடு மோதாது. மணவறையில் வைப்பதில் பொருளில்லை. அங்கே புகையும் சாம்பிராணியும் நெய்யும் சேர்ந்து எழுப்பும் மணத்தின் முன் எந்த இலையும் தெரியாது.

மணமகளின் கையில் கொடுக்கும் பூச்செண்டு இருந்தால், பிடியைச் சுற்றி வாசனை இலை வையுங்கள். உள்ளங்கைச் சூட்டிலேயே மணம் வரும். இங்கிலாந்து அரச குடும்பத்தில் மணமகளின் செண்டில் மிர்டில் என்னும் வாசனை இலைக் கிளையை வைக்கும் வழக்கம் உண்டு. விக்ரோறியா மகாராணியின் மூத்த மகள் 1858இல் தன் திருமணத்தில் அதை ஏந்தினார். தமிழ்நாட்டுப் பூக்கடைகளில் மருக்கொழுந்தை இடையிடையே வைத்துக் கதம்பம் கட்டுவதும் இதே கையறிவுதான். கதம்பத்தில் இலை சும்மா நிரப்பியாக இருப்பதில்லை. மாலை அசையும்போதெல்லாம் உரசி மணப்பதற்காக அது அங்கே இருக்கிறது.

வாசங்களைக் கலக்கும்போது கையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு சாடிக்கு ஒரு வாசனை இலை போதும். மல்லிகையோ நிலசம்பங்கியோ இருக்கும் இடத்தில், மேலே சொன்ன ரம்பையைத் தவிர வேறு வாசனை இலை வேண்டாம். மாலைக்குப் பின் அவற்றின் மணம் ஏறும்போது இலையின் காரம் அதைக் கெடுக்கும். தலைவலி, இழுப்பு உள்ள முதியோர் இருக்கும் மேசைகளுக்கு வாசமில்லாத இலையே வையுங்கள். ஓர்க்கிட் பூக்கள் வாங்குவதாக இருந்தால், தட்டில் அடுக்கும் பழுத்த வாழைப்பழச் சீப்புகளுக்குப் பக்கத்தில் முதல் நாளிரவே அவற்றை வைக்காதீர்கள். பழுக்கும் கனி விடும் எதிலீன் வாயு அவற்றை விரைவில் வாடச் செய்யும்.

பச்சை போதவில்லை என்று அவசரத்தில் வேலியோரத்து அலரிக் கிளைகளை வெட்டி மேசைக்குக் கொண்டுவரும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செவ்வலரியும் மஞ்சள் அலரியும் இலை, தண்டு, பால், விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ளவை. சாமிக்கு மாலையாகச் சாத்துவது வேறு. குழந்தைகள் கை நீட்டும் சாப்பாட்டு மேசை வேறு.

நம் மண்ணுக்கே உரிய ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன், அது இலை அல்ல என்றாலும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகளில் வேப்பிலையோடு கமுகம்பாளையும் வைப்பதைக் கண்டிருப்பீர்கள். பாலாடை நிறத்தில் விரிந்து தொங்கும் அந்தப் பாளைக்கு மெல்லிய இனிய மணம் உண்டு. வெடிக்காத பாளையை முதல்நாள் மாலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, காலையில் மடலைப் பிளந்தால் புத்தம் புதிதாக விரியும். வாயிலின் இருபுறமும் உயரமான சாடிகளில் அதை வைத்து, அடியில் கறுவா இலையோ தேசி இலையோ நிரப்பினால், கடையில் வாங்கும் எந்த அலங்காரமும் அதற்கு ஈடாகாது. ஆண்பூக்கள் மணிமணியாக உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் வேண்டாம்.

ஆவணி நடுவில் திருமணம் என்றால், திருநீற்றுப்பச்சிலை விதையை ஆனி பிறந்தவுடன் போட்டுவிடுங்கள். ஒரு கிழமையிலிருந்து பத்து நாளுக்குள் முளைக்கும். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் நாலைந்து வரும். ஏறத்தாழ 70 நாளில் தண்டு முற்றிக் கதிர் விடும். கச்சான் காற்று நேரே அடிக்காத, காலை வெயில் படும் இடமாகப் பார்த்து, இரண்டு நேரமும் நீர் விடுங்கள். பத்து மேசைக்கும் வாயிலுக்கும் 25 செடிகள் தாராளமாகப் போதும். ஒன்று இரண்டு பட்டுப்போகும் என்பதால் 30 நாற்றாக நடுங்கள்.